கோங்க்: ஒரு பிரெஞ்சுக் கிராமத்தை அடியிலிருந்து அறிவது எப்படி

கோங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மணித்தியாலம் நிற்பார்கள். தேவாலயம், வாசல் சிற்பம், பொக்கிஷ அறை, ஒரு ஐஸ்கிறீம், பிறகு அடுத்த ஊர். பார்த்தது வடிவான ஊர்தான். ஆனால் அந்த ஊர் ஏன் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே இருந்த சனம் என்ன சாப்பிட்டுச் சீவித்தது, அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்டால் பதில் வராது. வழிகாட்டிப் புத்தகத்தில் புனிதர் இருப்பார், மடாதிபதி இருப்பார். சரிவில் கல் அடுக்கித் திராட்சை நட்டவன் இருக்கமாட்டான். அவனையும் கண்டுபிடிக்கிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு குசினி. பாரிஸ் கஃபேக்களில் பாதிக்கதை அவெய்ரோன் என்ற மாவட்டத்துக்காரர்களுடையது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தெற்கே இருக்கிற அந்த மலைநாட்டுச் சனம் பாரிஸுக்குப் போய்த் தண்ணீர் சுமந்து, கரி விற்று, கடைசியில் கஃபே முதலாளிகள் ஆனது. அந்தக் கஃபேக்களின் குசினிகளில் இன்று நிறையப் பேர் எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள். என் முதலாளியும் அவெய்ரோன்காரர். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே தன் ஊர்ப்பக்கப் படம் ஒன்று மாட்டியிருந்தார். சரிவில் சாம்பல் நிறக் கூரைகள், நடுவே மூன்று கோபுரங்கள். அதுதான் கோங்க்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வெளிக்கிடுவதற்கு முன்னால் வீட்டில் இருந்தே ஒரு வேலை செய்யுங்கள். பிரான்சின் தேசிய நில அளவை நிறுவனமான ஐஜிஎன்-இன் வரைபடத்தை இணையத்தில் திறந்து, 1:25,000 அளவுக்கு வாருங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், சமவுயரக் கோடுகளைப் பாருங்கள். கோங்கைச் சுற்றி அவை நெருக்கியடித்துக்கொண்டு ஓடும், அவ்வளவு செங்குத்து. ஊஷ் என்ற சின்ன ஓடை கிழக்கிலிருந்து வந்து துர்து ஆற்றில் விழுகிறது. துர்து வடக்கே கிரான்-வாப்ர் என்ற ஊரில் லொத் ஆற்றில் சேர்கிறது. ஊர் நிற்பது ஊஷ் ஓடைக்கு மேலே, தெற்கு நோக்கிய சரிவில். பிரான்சின் மலைப்பகுதிகளில் இதை மறக்கவேண்டாம்: வெயில் விழுகிற பக்கத்தில் வீடும் திராட்சையும், நிழல் பக்கத்தில் காடு. இந்த ஒன்று தெரிந்தாலே பாதி ஊர்களின் இருப்பிடம் விளங்கிவிடும்.

அடுத்து, அதே நிறுவனம் நடத்துகிற பழைய வான்படத் தளம். 1950-களில் விமானத்திலிருந்து எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், இலவசம். பிரான்சின் எந்த மலைக் கிராமத்துக்கும் இதைச் செய்து பாருங்கள். காடு இறங்கி வந்திருப்பது தெரியும். கோங்கைச் சுற்றி இன்று அடர்ந்து நிற்கிற மரங்களைப் பார்த்து "ஆதிகாலத்துக் காடு" என்று ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மரங்களுக்குள்ளே நடந்தால் காலில் தட்டுப்படுவது விழுந்த கல்சுவர்கள். அவை படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அழித்தது. சமதரைக்காரர் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டு மறுபடி நட்டார்கள். ஒரு தட்டில் நாலு வரிசை மட்டுமே நடக்கூடிய செங்குத்துச் சரிவில் அவ்வளவு பாடுபட ஆட்கள் இல்லை. தோட்டம் போனது, காடு வந்தது.

இன்னும் பின்னால் போக விரும்பினால் கசினி வரைபடம் இருக்கிறது. கசினி குடும்பத்தினர் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் முழுவதையும் அளந்து 1:86,400 அளவில் வரைந்தது. ஆலைகள், தேவாலயங்கள், குறுக்குப் பாதைகள் எல்லாம் அதில் உண்டு. இதையும் இணையத்திலேயே இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

வருகிற வழியே முதல் பாடம்

பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து அவெய்ரோனின் தலைநகரான ரொடேஸுக்கு இரவு ரயில் உண்டு. எல்லா நாளும் ஓடுமா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ரொடேஸில் ஒரு காரை எடுத்து டி901 வீதியில் கோங்குக்கு வாருங்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வேறு வீதிகள் இருந்தாலும் இதையே எடுங்கள், ஆறுதலாக ஓட்டுங்கள்.

ரொடேஸை விட்டதும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். இங்கே இதைக் கோஸ் என்பார்கள். மழை விழுந்தால் கல்லுக்குள் இறங்கிவிடும், மேலே தண்ணீர் நிற்காது, அதனால் செம்மறி ஆடுதான். மேட்டுநிலம் முடிகிற விளிம்பில் சால்-லா-சூர்ஸ் என்ற ஊர். மேலே இறங்கிய தண்ணீர் எல்லாம் இங்கே பாறையிலிருந்து வெளியே வந்து அருவியாக விழும். காரை நிறுத்திப் பாருங்கள். பிறகு மார்சியாக் பள்ளத்தாக்கு. திடீரென்று மண் சிவப்பாகும், இரத்தச் சிவப்பு. இரும்பு கலந்த செம்மணல்கல். வீடுகளும் சிவப்பு. திராட்சை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மான்சுவா என்று உள்ளூரில் சொல்கிற கறுப்புத் திராட்சை, 1990-இல் அரசு முத்திரை பெற்ற மார்சியாக் வைன். இந்தத் திராட்சையைப் பெருக்கியது கோங்க் துறவிகள்தான் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

சான்-சிப்ரியானைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு இறுகும். மண் சாம்பல் நிறமாகும். இது ஷிஸ்ட் என்ற பலகைக்கல், தட்டினால் தகடு தகடாகப் பிரியும். அரை நாளுக்குள் மூன்று நாடுகளைக் கடந்துவிட்டீர்கள்: வெள்ளை, சிவப்பு, சாம்பல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தேவாலயச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது தேவைப்படும்.

ஊருக்குள் போகாமல் ஊரைப் பார்ப்பது

கார் நிறுத்துமிடம் ஊருக்கு வெளியே, கட்டணம் உண்டு. ஆனால் நேரே அங்கே போகாமல் எதிர்ச் சரிவில் பான்கரெல் என்ற பார்வையிடத்துக்கு முதலில் ஏறுங்கள். அங்கிருந்து முழு ஊரும் ஒரே பார்வைக்குள் வரும். ஒரு கடதாசியை எடுத்து வரையுங்கள். கமரா வேண்டாம். கமரா எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுத்துவிடும், கை எது முக்கியம் என்று கேட்கும். முதலில் தேவாலயம், பிறகு அதைச் சுற்றி வளைந்து போகிற வீதிகள், பிறகு ஆற்றை நோக்கி இறங்குகிற பாதை. அந்தப் பாதையின் பெயர் ஷார்லமான் வீதி. அது துர்து மேலே இருக்கிற பழைய கற்பாலத்துக்குப் போகிறது. "ரோமன் பாலம்" என்று பெயர்ப்பலகை சொன்னாலும் பாலம் மத்தியகாலத்தது, யாத்திரீகர்களுக்காக இருந்தது.

இந்தப் படம்தான் ஊரின் எலும்புக்கூடு. பணம் எந்தப் பாதையால் வந்தது என்று அது காட்டுகிறது. லு புய் என்ற நகரத்திலிருந்து ஸ்பெயினில் இருக்கிற சந்தியாகோவுக்கு நடக்கிறவர்கள் சுமார் 200 கிலோமீட்டர் நடந்து இங்கே வருவார்கள். இன்றும் வருகிறார்கள், ஜிஆர் 65 என்ற அடையாளமிட்ட பாதையில். 1998-இல் யுனெஸ்கோ இந்த யாத்திரைப் பாதைகளைப் பட்டியலில் சேர்த்தபோது, கோங்கின் தேவாலயமும் இந்தப் பாலமும் தனித்தனியாகவே இடம்பிடித்தன.

பிறகு ஊருக்குள் இறங்குங்கள். அப்போதும் தேவாலயத்துக்குள் போகாதீர்கள். வீடுகளைக் கீழிருந்து மேலே பாருங்கள். கீழ்மாடி ஷிஸ்ட் கல், மேல்மாடி மரச்சட்டமும் பூச்சும், கூரை தகட்டுக்கல். கூரை செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கல்லின் பாரத்தைத் தாங்க உள்ளே இருக்கிற மரம் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்று யோசியுங்கள். சுற்றி இருந்த செஸ்ட்நட் மரம்தான் இதற்கும் உதவியது. அந்த மரம் இங்கே சாப்பாடும்கூட. கோதுமை விளையாத சரிவில் ஏழைகளுக்குப் பாணுக்குப் பதிலாக இருந்தது செஸ்ட்நட். அதைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கப் புகையில் உலர்த்தச் சின்னக் கல்குடில்கள் கட்டினார்கள், செக்காது என்பார்கள். இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள்.

மழை பெய்திருந்தால் செருப்போடு நடக்கவேண்டாம். ஈர ஷிஸ்ட் வழுக்கும்.

இப்போது தேவாலயம்

வாசலுக்கு முன்னால் ஒரு ஊற்று இருக்கிறது, பிளோ ஊற்று. 12-ஆம் நூற்றாண்டில் யாத்திரீகர்களுக்காக எழுதிய வழிகாட்டியிலேயே கோங்க் வாசலில் நல்ல ஊற்று உண்டு என்று குறிப்பு இருக்கிறது. தண்ணீர், வெயில் விழுகிற சரிவு, ஒதுக்கிடம். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி இங்கே தனியே வந்து இருந்ததற்கு இவை போதும். பிறகு மடம் வளர்ந்தது, அரசர்கள் காணி கொடுத்தார்கள். ஆனால் மடத்திடம் ஒரு புனிதரின் எலும்பு இல்லை. எலும்பு இல்லாவிட்டால் யாத்திரீகர் இல்லை, யாத்திரீகர் இல்லாவிட்டால் இந்தக் கற்சரிவில் பணமும் இல்லை. மேற்கே அஜான் நகரத்தில் சாந்த் ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகள் இருந்தன. ரோமர் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவள் என்று நம்பிக்கை. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோங்க் துறவி ஒருவர் அஜானுக்குப் போய், அந்த மடத்தில் வருடக்கணக்காக இருந்து நம்பிக்கையைப் பெற்று, எலும்புகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதை மறைக்கவில்லை, கோங்க் மடமே பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. புனிதர் விரும்பித்தான் வந்தார் என்பது அவர்கள் வாதம்.

பொக்கிஷ அறையில் அந்தப் புனிதரின் சிலையைப் பாருங்கள். 85 சென்டிமீட்டர் உயரம். மரத்துக்கு மேலே பொன்தகடு. தலை மட்டும் உடலைவிடப் பழையது, ரோமர் காலக் கடைசியில் செய்த பொன்முகம். பெரிய கண்கள் நேரே பார்க்காமல் சற்று மேலே பார்க்கும். உடம்பு முழுக்க யாத்திரீகர் கொடுத்த கற்கள், முத்துக்கள், சில ரோமர் காலத்துச் செதுக்குக் கற்கள். நேர்த்தி வைத்து நகை சாத்திய அம்மன் போல இருப்பாள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே அஞ்சே நகரத்திலிருந்து பெர்னார் என்ற குரு இங்கே வந்தார். இதைக் கண்டு இதென்ன ரோமர் கடவுள் ஜூபிட்டர் சிலை மாதிரி, சனம் இதை வணங்குகிறதே என்று முகம் சுளித்தார். பிறகு மனம் மாறி, இவளின் அற்புதங்களை எழுதியவரும் அவரே. தெற்கத்தியர் விசுவாசத்தை வடக்கத்தியர் பார்த்த பார்வைக்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்.

வெளியே வந்து சுவரைப் பாருங்கள். மஞ்சள் சுண்ணாம்புக்கல், சிவப்பு மணல்கல், சாம்பல் ஷிஸ்ட். நீங்கள் காரில் கடந்து வந்த கல்வகைகள் எல்லாம் இந்தச் சுவருக்குள் இருக்கின்றன. வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்புச் சிற்பம், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, 124 உருவங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம், மூன்றை மட்டும் தேடுங்கள். நரகப் பக்கத்தில் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிற கஞ்சன். மோட்சப் பக்கத்தில் குப்புற விழுந்து மன்றாடுகிற சாந்த் ஃபுவா, அவளுக்குப் பின்னால் தொங்குகிற விலங்குகள். சிறைப்பட்டவர்களை அவள் விடுவிப்பாள் என்று நம்பி, விடுதலையானவர்கள் தங்கள் கால்விலங்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே பீடத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதிகள் அந்த விலங்குகளை உருக்கிச் செய்தவை என்பது மரபு. சிறையிலும் தடுப்பிலும் இருந்தவர்களைத் தெரிந்த எங்களுக்கு அந்தக் கிராதியைத் தொட்டுப் பார்க்காமல் போக முடியாது. மூன்றாவது, சிற்பத்தின் வெளி வளைவில் கல்நாடாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற சின்னத் தலைகள். விரல்கள் விளிம்பைப் பிடித்திருப்பது தெரியும்.

உள்ளே யன்னல் கண்ணாடிகள் பியேர் சூலாஜ் செய்தவை, மொத்தம் 104, 1994-இல் முடிந்தவை. அவர் பிறந்தது ரொடேஸில், 1919-இல். பள்ளிக்கூடப் பையனாக இங்கே வந்தபோதுதான் கலையே தன் வழி என்று முடிவெடுத்ததாகப் பின்னர் சொன்னவர். நிறம் தீட்டாத கண்ணாடி, வெளிச்சத்தின் நிறம் மட்டும் மாறும். காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள்.

இரவு கட்டாயம் ஊரில் தங்குங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ்கள் போய்விடும், ஊர் தன் அளவுக்குத் திரும்பும். மடத்து விடுதியில் நடந்து வருகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை, அதனால் முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். 1873-இல் வந்த பிரெமோந்த்ரே சபைத் துறவிகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். இரவுச் செபத்துக்குப் பிறகு அவர்களில் ஒருவர் வாசலில் நின்று சிற்பத்தை விளக்குவார்.

பெயர் இல்லாதவர்களைத் தேடுவது

பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது மடத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்து உருக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தது. சனம் பொக்கிஷங்களைத் தங்களுக்குள் பகிர்ந்து ஒளித்தது, தோட்டங்களிலும் செஸ்ட்நட் உலர்த்துகிற அந்தச் செக்காதுகளிலும். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. வயிற்றுக்குச் செஸ்ட்நட் தின்ற சனம், பொன்னைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தது. ஊரைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் எல்லோரும் ப்ரோஸ்பேர் மெரிமேயின் பெயரைச் சொல்வார்கள். வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக 1837-இல் வந்து, இடியப்போன தேவாலயத்துக்கு அரசுப் பணம் கேட்டவர் அவர். அதுவும் உண்மை. ஆனால் அவர் வந்தபோது பார்க்க ஏதாவது மிஞ்சியிருந்ததற்குக் காரணம் அந்தச் சனம்.

அவர்களின் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. அவெய்ரோன் மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1792-க்கு முன்னால் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாவற்றையும் பங்குக்குரு எழுதினார். அந்த வருடம் செப்டெம்பரிலிருந்து ஊர்ச்சபை எழுதுகிறது, நாங்கள் மெறி என்று சொல்வது. பழைய கையெழுத்து பயமுறுத்தும். அதனால் 1880-களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், கண் பழகும். பத்து வருடத்துக்கொரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதையே முதலில் திறவுங்கள். 1793-க்கும் 1805-க்கும் இடையில் புரட்சி நாட்காட்டித் திகதிகள் வரும், மாற்றித்தருகிற கருவிகள் இணையத்தில் உண்டு. 1836-இலிருந்து ஐந்து வருடத்துக்கொரு தடவை எடுத்த குடிமதிப்பில் வீடு வீடாகப் பெயர், வயது, தொழில் இருக்கும். ஒரே வீட்டை மூன்று குடிமதிப்புகளில் தொடருங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைவார்கள். சிலர் பக்கத்துத் தெக்காஸ்வில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு, சிலர் பாரிஸுக்கு. 1884-இல் அவெய்ரோன் குடும்பங்கள் கப்பலேறி அர்ஜென்டினாவில் பிகுவே என்ற ஊரையே உருவாக்கின.

நிலம் யாருடையது என்று அறிய நெப்போலியன் காலத்து நிலவரைபடம் இருக்கிறது, 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம், அதோடு சேர்ந்த பதிவேட்டில் உடைமையாளர் பெயரும், திராட்சையா புல்வெளியா செஸ்ட்நட் தோப்பா என்பதும். வான்படத்தில் நீங்கள் கண்ட காடு, இந்தத் தாளில் ஒருவருடைய திராட்சைத் தோட்டமாக இருக்கும். பெயரோடு.

எந்த ஊரிலும் போர் நினைவுக்கல்லில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அமைச்சின் "மெமுவார் தெஸ் ஓம்" தளத்தில் முதல் உலகப்போரில் நாட்டுக்காக இறந்தவர் என்று அரசு ஏற்ற சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு அட்டை உண்டு: பிறந்த இடம், இறந்த இடம், திகதி.

இன்றைய நிர்வாகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேடலில் குழம்புவீர்கள். 2016 ஜனவரி 1 முதல் கோங்க் தனிக் கம்யூன் (ஊராட்சி) அல்ல. கிரான்-வாப்ர், நொயாயாக், சான்-சிப்ரியான்-சுர்-துர்து ஆகியவற்றோடு சேர்ந்து கோங்க்-ஆன்-ருவெர்க். நாலும் சேர்ந்தும் சனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. பழைய ஆவணங்களில் பழைய பெயரில் தேடவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. லொத் ஆற்றுப் பக்கத்து உணவகங்களில் எஸ்தோஃபினாத் இருந்தால் எடுங்கள். நோர்வேயில் உப்பில்லாமல் காயவைத்த கொட் மீன் கருவாடு, உருளைக்கிழங்கு, முட்டை, வால்நட் எண்ணெய். கடலே தெரியாத மலைக்குள் கருவாடு எப்படி வந்தது? போர்தோ துறைமுகத்திலிருந்து படகில், லொத் வழியாக. வரும்போது படகின் பின்னால் கட்டி இழுத்துத் தண்ணீரில் ஊறவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். கருவாட்டு மணம் தெரிந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடிபடும்.

திரும்புகிற நாளில் ரொடேஸில் அரை நாள் ஒதுக்கிக் காப்பகத்து வாசிப்பறைக்குப் போங்கள். இணையத்தில் ஏற்றாத கட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. அடையாள அட்டை வேண்டும். எந்த ஊர், எந்த வருடம், எந்தக் குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனால் அலுவலர்கள் மனமுவந்து உதவுவார்கள். "பழைய கோங்க் பற்றி ஏதாவது" என்று கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம். பேனாவைக் காரிலேயே விட்டுவிட்டுப் பென்சில் கொண்டு போங்கள்.